துண்டில் உதிர்ந்த தீவு

சிகாமணியின் தீவை நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வருடம் அது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது, தொலைபேசி மேசைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மணி அடிக்கும். நான் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுச் சுவர்மேல் எட்டி, "ஆதி, ஓடியா!" என்று குரல் கொடுப்பேன்.

முழுப்பெயர் தெய்வசிகாமணி. ரெட்டியார்பாளையத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அவன் அப்பா தவளக்குப்பம் பக்கம் ஏர் ஓட்டியவர். மகன் டவுனுக்கு வந்து, மில்லில் துணி வெளுக்கும் பிரிவில் பதிலியாகச் சேர்ந்தான். யாராவது லீவு போட்டால்தான் பதிலிக்கு வேலை. கூப்பிட்டால் போவான், கூப்பிடாத நாளில் வாசலில் உட்கார்ந்து சைக்கிளைத் துடைப்பான். துடைத்துத் துடைத்தே அந்தச் சைக்கிளுக்குப் பெயிண்ட் போய்விட்டது.

2001இல் அவன் மனைவி ஆதிலட்சுமிக்குப் பிறந்த பெண் குழந்தை, தொட்டிலுக்கு வராமலே போய்விட்டது. அதோடு ஆதி பேச்சை நிறுத்திவிட்டாள். சமைப்பாள், கூட்டுவாள், குழாயடியில் குடத்தோடு நிற்பாள், வாய் மட்டும் திறக்காது. அந்த நேரம் பார்த்து அவனுக்கு மாலத்தீவில் ஓட்டல் வேலை என்று விசா வந்தது.

"இப்ப போய்த்தான் ஆவணுமாடா?" என்று கேட்டேன்.

"இங்க இருந்தா மட்டும் என்னக்கா? என்னை நிமிர்ந்துகூட பாக்க மாட்டேங்குது" என்றான்.

போய்விட்டான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் கொடுத்துவிட்டுப் போன மைசூர்பாகை நான் தொடவே இல்லை. வீட்டுக்காரர்தான் தின்று தீர்த்தார்.

அங்கே அவன் பார்த்த வேலை என்ன என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சலவை. தலைநகர் மாலேயிலிருந்து படகில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் குட்டித் தீவு. அதன் நடுவில், புதர்வேலிக்குள், ஜன்னல் இல்லாத ஒரு கொட்டகை. வெள்ளைக்காரர்கள் படுத்தெழுந்த விரிப்புகளையும் குளித்துத் துடைத்த துண்டுகளையும் விடிவதற்கு முன்னால் தொடங்கி இருட்டும் வரை துவைக்க வேண்டும். மேற்குக் கரை முழுக்க விருந்தாளிகளுக்கு. வேலைக்காரர்களுக்குக் கிழக்கே டீசல் பீப்பாயும் குப்பைப் படகும் நிற்கிற துறை. லீவு நாளில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிடுவான். எங்கள் சனத்துக்கும் கடலுக்கும் மாசி மகத்தன்று சாமி தீர்த்தவாரிக்குப் போகும்போது மட்டும்தான் உறவு என்பதால், கடற்கரைப் பக்கமே போகாதது அவனுக்குப் பெரிய குறையாகவும் படவில்லை. ஏர் ஓட்டியவர் மகன் பிறத்தியார் துணியைத் துவைக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்பதால் வேலையை மறைத்தான். உழைத்துத் தின்பதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது என் கட்சி. என்னை யார் கேட்டார்கள்?

முதல் நாலு மாத வெள்ளிக்கிழமைகளை மறக்க முடியாது. ஆதி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு மரம்போல் நிற்பாள். அவன், "சாப்டியா? ஒடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பதில் வராது. ஒருநாள் நானே பொறுக்காமல் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன். நானாவது பதில் சொல்லலாம் என்றுதான்.

அன்றைக்கு, துவைக்கப் போட்ட துண்டு ஒன்றை உதறும்போது மடிப்பிலிருந்து கொஞ்சம் வெள்ளை மணலும் நகக்கண் அளவில் ஒரு சிப்பியும் உதிர்ந்ததாம். அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசியிருக்கிறான். சொல்ல வேறு எதுவும் இல்லாததால், படகுக்காரன் சொன்ன ஒன்றைத் தன் கண்ணால் கண்டதுபோல் சொன்னான்.

"ஆதி, இங்க ஒரு ஆமை கரையேறுச்சு. இம்மாம் பெருசு. மணல்ல குழி தோண்டி முட்டை வுட்டுது. மூடிட்டு, திரும்பிக்கூட பாக்காம கடலுக்குப் போய்டுச்சு…"

சொல்லிவிட்டு அவனே நிறுத்திவிட்டான். யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. பாவி, வேறு பேச்சே கிடைக்கவில்லையா?

"அப்புறம்?" என்றாள் ஆதி.

"இன்னா?"

"அப்புறம் அந்தக் குஞ்சுங்க இன்னா ஆச்சு?"

எத்தனையோ மாதம் கழித்து அவள் குரலைக் கேட்டேன். அவன் அந்தப் பக்கம் விசும்புவது ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது. "முட்டை இன்னும் பொறிக்கல ஆதி. பாத்துட்டு சொல்றேன்" என்றான்.

படகுக்காரன் முட்டை வரைக்கும்தான் சொல்லியிருந்தான். குஞ்சுகளை இவனே பொறிக்க வைக்க வேண்டியதாயிற்று. வீட்டில் கோழி அடைவைத்துப் பார்த்து வளர்ந்தவன் அல்லவா, மூன்று வாரம் கழித்து, "எல்லாம் வந்துடுச்சு ஆதி. வரிசையா கடலுக்குப் போச்சுங்க. ஒண்ணுகூட தவறல" என்றான். ஆதி ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்க வூட்ல இன்னா கொழம்புக்கா?" என்று கேட்டாள். நான் சமையலறைக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு வந்துதான் கத்தரிக்காய் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு தீவு வளர்ந்தது. துண்டில் என்ன உதிர்கிறதோ அதுதான் அந்த வாரக் கடல். ஒரு இலை உதிர்ந்தால், தண்ணீர் குடிக்கக் குனிந்ததுபோல் கடல்மேல் சாய்ந்து நிற்கும் மரம். பவளத் துண்டு உதிர்ந்தால், கிளி நிறத்தில் மீன்கள் மேயும் தோட்டம். அங்கே கடலுக்கு அலை கிடையாதாம். கோயில் குளம்போல் கிடக்குமாம். மழை தூரத்தில் கிளம்பி, தண்ணீர்மேல் நடந்து வருவது கண்ணுக்குத் தெரியுமாம். தெருப் பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு கூடத்தில் சாய்ந்திருப்பார்கள். மின்விசிறி சுற்றும். அரைத் தூக்கத்தில் எனக்கு எங்கள் சிமெண்டுத் தரையே நீலமாகிவிடும். ஒருநாள் பாயின் ஓரத்தில் காலை நீட்டியபோது ஈரம் பட்டதுபோல் இழுத்துக்கொண்டேன். மணலின் வாசனையைக்கூட அந்தக் கூடத்தில் நான் முகர்ந்திருக்கிறேன். அவ்வளவு சுகமாக இருந்தது. ஆதி ஒவ்வொரு முறையும் கேட்பாள். "அப்புறம்?"

இடையில் ஒருநாள், தேங்காய்த்திட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அஞ்சலையிடம் ஆதி ஆமையைப் பற்றி ஏதோ விசாரித்தாள். அஞ்சலை இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். எனக்குச் சங்கரா மீனில்தான் கண், காதில் வாங்கவில்லை.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் அவன் தோற்றான். காலையில் சூரியன் கடலிலிருந்து வருகிறது, சாயங்காலமும் கடலுக்குள்ளேயே இறங்குகிறது என்றான். மில்லில் ரிட்டயர் ஆகி, எங்கள் வாசலில் பேப்பர் படிக்க வரும் கலியமூர்த்தி எழுந்து உள்ளேயே வந்துவிட்டார்.

"டேய் சிகாமணி, யாருகிட்ட ரீல் வுடுற? பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். சூரியன் கடல்ல வரும், மேற்கால வில்லியனூர் பக்கம் போவும். வந்த வழியே திரும்பிப் போறதுக்கு அது இன்னா டவுன் பஸ்ஸா?"

கூடமே சிரித்தது. நானும்தான். ஆதியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மாமா" என்று அவன் தீனமாகச் சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை.

2004இல், கத்திரி வெயிலில், திரும்பி வந்தான். மூன்று வருடம் நடுக்கடலில் இருந்தவன், உரித்த வெங்காயம்போல் வெளுத்து வந்து நின்றான். "வெளிநாட்டுத் தண்ணி!" என்று தெரு மெச்சியது. உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததை நான் பார்த்தேன். காபி கொடுக்கும்போது ஆதியும் பார்த்தாள். அவன் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, பெட்டியிலிருந்து சிப்பிகளை எடுத்துக் கொடுத்து, தீவை அளந்துகொண்டிருந்தான். ஆனால் ஆதி வரும்போதெல்லாம் அவன் குரல் கம்மியது. உண்மை தெரிந்தால் இவள் மறுபடியும் வாயை மூடிக்கொள்வாளோ என்கிற பயம்.

ஒரு வாரம் பொறுத்த ஆதி, "மாமா, பீச்சுக்குப் போலாமா?" என்று கேட்டாள். அந்தப் பழைய சைக்கிளிலேயே போனார்கள். நம் பீச்சில் மணல் எங்கே இருக்கிறது? கருங்கல்தான். கல்மேல் உட்கார்ந்தார்கள். அங்கே பேசியதை மறுநாள் என் வீட்டில் மாவு சலித்துக்கொண்டே ஆதி எனக்குச் சொன்னாள்.

அவள்தான் ஆரம்பித்திருக்கிறாள்.

"ஏன் மாமா, ஆமை இன்னா கோழியா? மூணே வாரத்துல குஞ்சு பொறிக்கறதுக்கு?"

அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"ஒன்றரை மாசத்துக்கு மேல ஆவுமாம். அஞ்சலை அப்பவே சிரிச்சிச்சு."

"அப்பவேன்னா? மொத ஆமையிலேயே தெரியுமா?"

"தெரியும். நீ கடல் பக்கமே போவலன்னும் தெரியும். நீ பேசறப்ப பின்னாடி ஒரு மெஷின் ஓடிக்கினே இருக்கும். மில்லுக்கு உனக்கு சோறு கொண்டாந்தப்ப கேட்ட சத்தம்தான்."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். மூடிய கைக்குள்ளிருந்தே கேட்டான். "தெரிஞ்சுமா மூணு வருசம் அப்புறம் அப்புறம்னு கேட்ட?"

"நான் கேக்கலன்னா அந்த மெஷின் ரூமுக்குள்ள நீ யாருகிட்ட மாமா பேசுவ?"

அவன் அங்கேயே, சுண்டல்காரன் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதானாம். அவளைப் பேச வைக்கத் தான் கதை கட்டியதாக மூன்று வருடமும் நினைத்துக்கொண்டிருந்தவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கூடத்திலேயே நடந்தது, எனக்கே தெரியவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

ஆதி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர்களுக்குப் பின்னால் ஊர்ப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடல் மேலே வெளிச்சம் குறைந்து, தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"ஒண்ணு மட்டும் நெசம் ஆதி. கெளம்பி வந்த அன்னைக்கு படகு தீவைச் சுத்திக்கினு மேற்கால வந்துச்சு. சூரியன் கடலுக்குள்ளதான் எறங்குச்சு. இந்தக் கண்ணால பாத்தேன்."

"அதை மட்டும்தான் நான் நம்பாம சிரிச்சேன்" என்றாள் ஆதி. கல்லில் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. எறங்குச்சு. அப்புறம்?"