முகத்துவாரம் வெட்டிய அன்று நான் அலைச்சறுக்கப் போனேன்

ஐம்பத்திரண்டு வயதில் அலைச்சறுக்குப் பழகுகிறவன் நான். மாரிக் கடலில்தான் பெரிய அலை வரும் என்று ஆசை. குளிருக்கென்று மச்சான் கனடாவிலிருந்து அனுப்பிய இறப்பர் உடுப்புக்குள் நுழைய ஒரு கிழமை வயிற்றை எக்கிப் பழகினேன். பலகையின் கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. வயல்கள் மூழ்காதிருக்க, அன்று விடியவே முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி, வாவி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டிருந்தார்கள்.

கடல் தேநீர் நிறத்தில் கிடந்து நாறியது. ஆசை விடவில்லை, இறங்கினேன். பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிப் போகையில் கனத்த ஒன்று தொடையில் உரசியது. வெள்ளத்தோடு வாவி முதலைகளும் வரும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"முருகா, சித்தாண்டிக் கோயிலுக்குக் காவடி எடுக்கிறன்!" என்று கத்திக்கொண்டு கவிழ்ந்தவன், பயத்தில் அதையே கட்டிப்பிடித்துவிட்டேன்.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த சீனித்தம்பி சிரித்துச் சிரித்துக் குந்திவிட்டார். "அண்ணே, அது முதலை இல்ல, செத்த எருமைக் கண்டுக்குட்டி! விட்டுட்டு வாங்க. வாவி வெட்டின அண்டைக்கு ஆராவது கடலுக்க இறங்குவாங்களா?"

விட்டேன். அதன் தோல் என் விரல்களோடு கழன்று வந்தது. கவிழ்ந்தபோது அந்தத் தண்ணீரை இரண்டு வாய் குடித்தும் இருந்தேன்.

வீட்டில் மனைவி மூக்கைப் பொத்தினாள். "உடுப்பு வேலிக்கு வெளிய. நீங்களும்தான்."

இப்போதெல்லாம் மாரியில் பலகையைத் தொடுமுன் சீனித்தம்பிக்கு அழைத்து, "வெட்டியாச்சா?" என்று கேட்கிறேன். ஓம் என்றால் தண்ணீர் தெளியும்வரை கடற்கரைக்கே போவதில்லை. காவடி மட்டும் எடுத்தாக வேண்டும். செத்த எருமைக்குப் பயந்து வைத்த நேர்த்திக்கடனும் நேர்த்திக்கடன்தானாம், மனைவி விடுகிறாளில்லை.