அம்மா எடுத்த இரண்டு தீச்சட்டிகள்

நம் நாட்டில் யாரையும் கழுத்தைப் பிடித்துப் பட்டாளத்தில் தள்ளும் சட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா இளவட்டமாக இருந்தபோது ஆள் எடுப்புக்குப் போய், நெஞ்சு விரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்னைப் பெற்றாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மற்ற அப்பாக்கள் பிள்ளையிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பார்கள். இவர், "மூச்ச இழுறா, நெஞ்ச விரிடா" என்பார். தொண்ணூற்றாறில் நான் விரித்த நெஞ்சு அளவுக்குச் சரியாக வந்து தொலைத்தது. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, பதினைந்து வருடம் முடியாமல் வெளியே வர முடியாதென்று.

என்னைப் போட்ட இடம் ஸ்டோர். வடக்கே ஒரு பெரிய கிடங்கு. பூட்ஸ், கம்பளி, சாக்ஸ், தொப்பி என்று வருகிறவனுக்கு அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். தொண்ணூற்றொன்பதில் மலையில் சண்டை நடந்தபோதும் நான் சாக்ஸ்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இதை உத்தமபாளையம் பக்கம் உள்ள எங்கள் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. "எத்தன பேரச் சுட்ட மாப்ள?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "சாக்ஸ் எண்ணுனேன்" என்றேன். "அதெல்லாம் வெளிய சொல்ல மாட்டாகப்பா" என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

என்னிடம் உடுப்பு வாங்க வரும் ஆபீசர்களில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னப் பையன்கள். அவர்கள் தோளில் வைக்கும் நட்சத்திரத்தை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். கொடுத்துக் கொடுத்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. சிப்பாயாக இருக்கிறவனும் பரீட்சை எழுதி, நேரில் நடக்கும் தேர்விலும் ஜெயித்தால் ஆபீசர் பயிற்சிக்குப் போகலாம் என்று ஒரு வழி உண்டு. எழுதினேன். பாஸானேன். நேர் தேர்வுக்குப் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். செய்த முதல் முட்டாள்தனம் அதுதான்.

அப்பா அன்றைக்கே உத்தமபாளையத்துக்குப் போய், பழகிய தையல்கடை பாயிடம் ஒரு கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார். எனக்கு இல்லை, அவருக்கு! ஆபீசராகி நட்சத்திரம் குத்தும் நாளில் தாய் தகப்பனையும் அழைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ரிசல்ட் வரட்டும்ண்ணே" என்று பாய் சொன்னாராம். "வந்தப்பறம் தச்சா அவசரத் தையலாப் போகும்" என்று இவர் சொன்னாராம்.

பெங்களூரில் நாலைந்து நாள் எங்களைப் பிழிந்தார்கள். படம் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள், ஆளுக்கொரு தலைப்பில் இங்கிலீஷில் பேசச் சொன்னார்கள். அதையெல்லாம் தாண்டிவிட்டேன். ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு பீப்பாய் கொடுத்து, "நீதான் தலைவன், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தைத் தாண்டு" என்றார்கள். அங்கேதான் கிடங்குப் புத்தி குறுக்கே வந்தது. கயிற்றைச் சுருட்டி, பலகையில் விரிசல் உண்டா என்று பார்த்து, பீப்பாயைத் தட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நிமிர்ந்தபோது விசில் ஊதிவிட்டார்கள். பள்ளம் அங்கேயே இருந்தது. நாங்களும் இந்தப் பக்கமே இருந்தோம். கடைசி நாள் வாசித்த எண்களில் என் எண் இல்லை.

சித்திரையில் லீவு கிடைத்தது. வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா நேரம். ஆறுதல் சொல்லியே கொன்றுவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா கையில் காப்புக் கட்டி, மஞ்சள் சேலையில் விரதம் இருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "தீச்சட்டி எடுக்குறேன்டா. நீ எண்ணெய்த் தூக்கப் புடிச்சுக்கிட்டுக் கூட வா" என்றாள். பிள்ளை தோற்றாலும் அடுத்த தடவையாவது ஜெயிக்கட்டும் என்று எடுக்கிறாள் போல என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முல்லையாற்றில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு, கை நிறைய வேப்பிலை வைத்து அதன்மேல் சட்டியை ஏந்திக்கொண்டாள். நான் பக்கத்தில் எண்ணெய்த் தூக்கோடு நடந்தேன். பின்னால் அப்பா. கூட்டத்தில் எங்கள் எதிர்வீட்டு அத்தை வந்து சேர்ந்துகொண்டாள். ஊரில் ஒரு செய்தியை ரேடியோவுக்கு முன்னால் சொல்லக்கூடியவள்.

"என்ன மதினி, என்ன வேண்டுதலு?"

அம்மா கூச்சமே படவில்லை. "எம்மகன் ஆபீசராகக் கூடாதுன்னு வேண்டிருந்தேன். ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!"

எண்ணெய்த் தூக்கு என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது. வாய் பிளந்து நின்றவர், பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடிப் பாவி. டேய், நீ ஜெயிச்சா சுத்தியும் ஓட்ட போட்ட ஆயிரங்கண் பானை எடுக்குறேன்னு நா வேண்டிருந்தேன்டா. ஒரே வீட்டுல ரெண்டு மனு. ஆத்தாதேன் என்ன செய்வா? பானைய விடச் சட்டிக்குச் சூடு ஜாஸ்தில்ல."

சட்டியை இறக்கி, வீட்டுக்கு வந்து, அம்மா ஒரு வாய் கஞ்சி குடிக்கும் வரைக்கும் நான் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. கத்தினேன். பெற்ற பிள்ளை கெட்டுப் போக வேண்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா என்று கேட்டேன். கேட்கக் கூடாத வார்த்தை ஒன்றிரண்டும் வந்தது.

அம்மா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். "சண்டை நடந்தப்ப டிவியில தெனமும் போட்டோ காமிச்சாக. அம்புட்டும் தொப்பி போட்ட சின்னச் சின்னப் பிள்ளைக. ஆபீசருதேன் முன்னால போவாகளாம்ல?"

"சிப்பாயும்தான்மா சாகுறான். அவன்தான் நெறையச் சாகுறான்."

"நீ சாக்ஸு எண்ணுற எடத்துல யாருடா சாகுறா?"

ஊரெல்லாம் என்னை வீரன் என்று நினைத்துக்கொண்டிருக்க, நான் சாக்ஸ் எண்ணுகிறேன் என்பதை நம்பிய ஒரே ஆள் அவள்தான். நம்பி, அதைக் காப்பாற்ற நெருப்பும் எடுத்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அத்தனை கோபத்துக்குள்ளும் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதுவரைக்கும் நான் பலகையில் விரிசல் தேடித் தோற்றவன். அன்றைக்கு முதல் தெய்வச் செயலால் தோற்றவன். எவ்வளவு பெரிய வித்தியாசம்! டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம், "எங்கம்மா வேண்டுதலப்பா, நா என்ன செய்ய?" என்றேன். எல்லாரும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்கள்.

வயது வரம்பின்படி எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். மறுபடி போவதா வேண்டாமா என்று லீவு முழுக்க மண்டையைக் குடைந்தேன். போய்த் தோற்றால் என்ன ஆகும்? ஒரு தடவை தோற்றால் அம்மா மேல் போடலாம். இரண்டாம் தடவையும் தோற்றால், இவன் சரக்கு இவ்வளவுதான் என்று ஆகிவிடும். கிடங்கில் இருந்தால் சோற்றுக்குக் குறைவில்லை, உயிருக்கும் குறைவில்லை. போக வேண்டாம் என்று காலையில் முடிவு செய்வேன். சாயங்காலம் அப்பா கோட்டை எடுத்து வெயிலில் உதறிப் போடுவார். மறுபடி எடுப்பார். உதறுவார். "அதப் போட்டுக்கிட்டுக் குமுளிக்குப் போயிட்டு வாங்களேன், அங்கன குளிருமே" என்று அம்மா சீண்டுவாள். "நட்சத்திரத்துக்குத் தச்சது, நேந்திரம்பழம் வாங்கவா போட்டுட்டுப் போறது?" என்று இவர் எகிறுவார்.

நான் விடியக்காலையில் வாய்க்கால் கரையில் ஓட ஆரம்பித்தேன். கேட்டவர்களிடம், தொந்தி விழுகிறது என்றேன். ஓடி முடித்துத் தென்னந்தோப்புக்குள் நின்று இங்கிலீஷில் பேசிப் பார்ப்பேன். மரத்துக்கெல்லாம் வணக்கம் சொல்லி, நாட்டின் நீர்ப் பிரச்சினை பற்றி ஐந்து நிமிடம். ஒருநாள் பேசி முடித்துத் திரும்பினால், அம்மா சாணிக் கூடையோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

"போகலேன்னு சொல்ற ஆளு எதுக்குடா வெள்ளன எந்திரிச்சு ஓடுற?"

"தொந்தி..."

"தொந்திக்கு எதுக்குடா இங்கிலீசு?"

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டாள். "அம்புட்டு ஆசையா இருக்காடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவரைக்கும் அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பாவிடம்கூட. அவருக்கு அவர் ஆசையே போதுமானதாக இருந்தது.

நான் கிளம்பும் நாளில் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். ஒரு மஞ்சள் துணியில் காசை வைத்து முடிந்தாள். நான் கேட்கும்படியாக, சாமி படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "தாயி, முன்ன சொன்னத மறந்துரு. எம்பிள்ள இந்தத் தடவ ஜெயிக்கணும். அங்கன போயும் அவன் உசுர நீதேன் பாத்துக்கணும்." முடிச்சைப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டாள். "ஜெயிச்சுட்டு வந்து நீயே அவுத்து உண்டியல்ல போடு. போதுமாடா? இனி எம்மேல பழி சொல்ல முடியாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தொங்கிய முடிச்சை எட்டி இன்னொரு தடவை இறுக்கினாள்.

மறு வருடம் போனேன். இந்தத் தடவை பலகையில் விரிசல் தேடவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் பள்ளத்தைத் தாண்டினேன், கூட வந்த இரண்டு பேரையும் தாண்ட வைத்தேன். இங்கிலீஷ் தங்குதடையில்லாமல் வந்தது. செய்ததில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. கடைசி நாள் எண்களை வாசித்தார்கள். இல்லை. முதல் தடவையாவது ஏன் தோற்றேன் என்று தெரியும். இது சும்மா, நான் போதாது என்பதுதான். ஊருக்குப் போன் போட்டுச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். கிடங்குக்குத் திரும்பும் ரயிலிலும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து அழுதேன். இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, மீசையெல்லாம் இருக்கிறது, அழுதேன்.

மறுபடி சித்திரை. மறுபடி லீவு. ஊரில் யாருக்கும் முகம் கொடுக்காமல் ஓட்டு வீட்டுச் சந்து வழியாக வீட்டுக்குப் போனேன். வாசலில் அம்மா. கையில் காப்பு, உடம்பில் மஞ்சள் சேலை.

"என்னம்மா இது?"

அம்மா நேராக என் கண்ணைப் பார்க்கவில்லை. முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாந்தேன்டா. நீ ரயிலேறுனதும் மனசு கேக்கல. கோயிலுக்குப் போயி மாத்தி வேண்டிக்கிட்டேன். ஆத்தாவும் குடுத்துட்டா. எம்மேலதேன் தப்பு. நீ என்ன செய்வ, பாவம்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் அதே ஆணி. அதே மஞ்சள் முடிச்சு. ஒரு வருடப் புகை படிந்து கறுத்திருந்தது. ஆனால் முடிச்சின் மேல் அன்று காலையில் வைத்த குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது.

அப்பா பின்னாலேயே வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ மாத்தியும் வேண்டல, ஒண்ணும் வேண்டல. நீ பரீச்சையில இருந்த அம்புட்டு நாளும் பச்சத் தண்ணி பல்லுல படாமக் கெடந்தா, நீ ஜெயிக்கணும்னு. நீ போன்ல அழுத பாரு, அதக் கேட்டப்பறம்தேன் போயிக் காப்புக் கட்டிக்கிட்டா. நா சொன்னேன்னு சொல்லிராதடா."

தண்ணீர்ச் சொம்பைக் குடிக்காமலே கீழே வைத்தேன். போன வருடம் டீக்கடையில் நான் சொல்லித் திரிந்ததெல்லாம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. பிள்ளைக்கு அந்தச் சாக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை அப்படி ஒரு சாக்கு இல்லையே என்று, இல்லாத வேண்டுதலுக்கு நெருப்பு எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

வேண்டாம் என்று தடுக்கலாமா என்று யோசித்தேன். தடுத்தால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். எண்ணெய்த் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆற்றில் முங்கினாள். வேப்பிலை, சட்டி, நெருப்பு. பக்கத்தில் நான். பின்னால் அப்பா, அந்தக் கொதிக்கிற வெயிலில், "பின்ன எப்பத்தேன் போடுறது?" என்று அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்து ஊற்றி நடந்து வந்தார். கோயில் நெருங்கும்போது எதிர்வீட்டு அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள்.

"என்ன மதினி, இந்த வருசம் என்ன வேண்டுதலு?"

அம்மா வாயைத் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். நாலு பேருக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். "அதே வேண்டுதல்தேன் அத்தே! இந்தப் பொம்பள மட்டும் இல்லேன்னா நா இந்நேரம் மேஜரு!"

அத்தை வாயில் கை வைத்தாள். அம்மா சட்டிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். புகையிலா வேறெதிலா, கண் நிறைந்திருந்தது.

"பேசுனது போதும். தீ எறங்குது பாரு, எண்ணெய ஊத்துடா மேஜரு" என்றாள்.