முப்பத்தொன்றாம் மைலில் கிடைத்த எல்க்

வில்டா க்ரோமர் இருபத்திரண்டு வருஷமாக ஒரே சாலையில் தபால் கொண்டுபோகிறவள். செயின்ட் ஜோ ஆற்றை ஒட்டி நாற்பத்தாறு மைல் போகவேண்டும், அதே நாற்பத்தாறு மைல் திரும்பி வரவேண்டும். ஐடஹோவின் அந்தப் பக்கத்தில் வீடுகளைவிட மான்கள் அதிகம். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் மான் எதற்கு ஆகும் என்று வண்டியை நிறுத்திய அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். கண் தெளிவாக இருக்கிறதா, தொடை இடுக்கில் சூடு இருக்கிறதா, ரோமத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறதா. வந்தால் அது கழுகுகளுக்கு. வராவிட்டால் வீட்டுக்கு.

கல்யாணமான நாளிலிருந்து அவளும் கணவன் தேயரும் கடையில் மாட்டிறைச்சி வாங்கியதில்லை. தேயர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தான். லீவு நாளில் கொம்புகளை அறுத்துக் கத்திப்பிடியும் பொத்தானும் செய்வான். தோலைப் பதப்படுத்திக் கையுறை தைப்பது அவள் வேலை. செத்த விலங்கை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நாளைக்குள் வனவிலங்குத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். அந்த ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவது தேயர்தான். தட்டி முடிப்பதற்குள் இரண்டு கப் காபியும் நாலைந்து கெட்ட வார்த்தையும் செலவாகும்.

நவம்பர் பதினாலாம் தேதி காலை ஆறரைக்கு, பனிமூட்டத்தில், முப்பத்தொன்றாம் மைலில் ஒரு பெண் எல்க் சாலைக்குள் பாய்ந்தது. எல்க் என்றால் சாதாரண மான் இல்லை, குதிரை அளவு இருக்கும். ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த தேயரின் காரில் முன்கண்ணாடியோடு மோதியது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து கெர்ட்ஸ் என்கிற போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். தேயரோடு மீன் பிடிக்கப் போகிறவர் அவர். வில்டா தபால் வேலைக்குக் கிளம்ப பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் மாட்டியிருந்தது. அவர் சொல்லி முடித்ததும் இன்னொரு காலிலும் மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"நான் வந்து பாக்கணும்" என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தேயரை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். காரை இழுக்கும் வண்டி வந்திருந்தது. எல்க் ஓரப்பள்ளத்தில் கிடந்தது. வில்டா காரைப் பார்த்தாள். பிறகு பள்ளத்தில் இறங்கி, குனிந்து, அதன் தொடை இடுக்கில் கைவைத்துப் பார்த்தாள்.

"வில்டா, அதை விடுங்க" என்றார் கெர்ட்ஸ். "ரோடு ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். அவங்க வந்து இழுத்துப் போட்டுடுவாங்க."

"அடி முன்தோள்ல மட்டுந்தான். வயிறு கிழியல."

"வில்டா..."

"ராத்திரியெல்லாம் உறைபனி. மூணு மணி நேரந்தான் ஆயிருக்கு. கெட்டிருக்காது."

கெர்ட்ஸ் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார். நல்ல இறைச்சி பள்ளத்தில் கிடந்தால் எடுப்பார்கள். முப்பது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு வேறு என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தன் பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்துவந்து, சங்கிலியைப் பின்னங்கால்களில் மாட்டி, இழுவை மோட்டாரை ஓடவிட்டாள். கெர்ட்ஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானும் இறங்கித் தலைப்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

மத்தியானம் எல்க் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கியது. வில்டா தோலை உரித்துக்கொண்டிருந்தாள். இறுதிச்சடங்கு நடத்துகிறவர் போன் செய்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"தேயருக்கு எந்தக் கோட்டு போடலாம்? நீலமா, பழுப்பா?"

"எது மேல தொங்குதோ அது."

"நீங்களே கொண்டு வர்றீங்களா?"

"சாயந்திரம் கொண்டு வர்றேன். கையெல்லாம் ரத்தமா இருக்கு."

அவள் போனை அணைத்துவிட்டுக் கத்தியைத் தீட்டினாள்.

தேயரின் தம்பி டென்ஸில் கொட்டகைக்குள் வந்தபோது பாதித் தோல் இறங்கியிருந்தது. அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. தொங்குவது என்ன என்று புரிய அவனுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"இது அதா?"

"ஆமா."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? என் அண்ணனைக் கொன்ன மிருகத்தை இங்க கொண்டாந்து தொங்கவிட்டு... நீயெல்லாம் மனுஷிதானா?"

"கத்தாத. இந்தக் காலைப் பிடி, சுத்துது."

"நான் பிடிக்க மாட்டேன்."

"அப்ப தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற."

டென்ஸில் தள்ளி நின்றான். சுவரில் ஓங்கி ஒரு உதை விட்டான். பிறகு வந்து காலைப் பிடித்தான். முழங்கை வரை ரத்தமும் கொழுப்புமாக, சாயங்காலம் வரை பிடித்துக்கொண்டே நின்றான். இடையில் இரண்டு தடவை வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். அடிபட்ட தோள் பக்கம் கருஞ்சிவப்பாகக் கன்றியிருந்தது. அதை வெட்டித் தனியே எடுத்துப் போட்டார்கள். மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தது.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வில்டா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தேதி, சாலை, மைல், விலங்கு, ஆணா பெண்ணா. எல்லாவற்றையும் நிரப்பினாள். 'எப்படிக் கிடைத்தது' என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. 'நான் ஓட்டிய வண்டி மோதியது.' 'வேறு ஒருவர் வண்டி மோதியது.' அந்த இடத்தில் மட்டும் கை நின்றது. பிறகு இரண்டாவதைத் தொட்டு அனுப்பிவிட்டாள். நன்றி என்று பதில் வந்தது.

மகள் மாரிஸ் ஸ்போகேன் நகரத்திலிருந்து வந்து பத்து நாள் இருந்தாள். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். அடக்கம் முடிந்தது. ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்த நூடுல்ஸ் தட்டுகளும் தீர்ந்தன. பத்தாம் நாள் ஐஸ்கிரீம் தேடி ஃப்ரீசரைத் திறந்த மாரிஸ், வெள்ளைக் காகிதப் பொட்டலங்களின் மேல் அம்மா கையெழுத்தைப் படித்தாள். 'எல்க். நவ. 14. மைல் 31.'

"அம்மா, இது என்ன?"

வில்டா சொன்னாள்.

"நேத்து நம்ம சாப்பிட்ட சூப்பு?"

"அது போன வருஷத்து மான்."

"நீ இதைச் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். புதன்கிழமை."

மாரிஸ் ஃப்ரீசர் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். "எப்படிம்மா உன் தொண்டைக்குள்ள இறங்குச்சு?"

"கொஞ்சம் கடினந்தான். வயசான எல்க்."

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மாரிஸ் அவள் முகத்தையே பார்த்தாள். "நீ ஒரு தடவைகூட அழல. பத்து நாளாப் பாக்குறேன். ஒரு தடவை அழுதிருந்தா இதையும் நான் பொறுத்துக்குவேன்" என்றாள். அன்று மத்தியானமே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அப்புறம் போன் இல்லை.

வில்டா அழ முயன்று பார்த்ததும் உண்டு. குளியலறைக் கண்ணாடி முன் நின்று தேயரின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். யாரோ ஒருவர் பெயர் போல இருந்தது. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், உடம்பெல்லாம் அப்படி இருந்தது. தூங்கினாள், எழுந்தாள், தபால் கொண்டுபோனாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எல்லாவற்றையும் ரிப்போர்ட் செய்ய ஆரம்பித்தாள். முன்பெல்லாம் எடுத்துக்கொண்டதை மட்டும் சொல்வார்கள். இப்போது ரக்கூன், ஆந்தை, முள்ளம்பன்றி, எது நசுங்கிக் கிடந்தாலும் தபால் வண்டியின் விளக்கைச் சிமிட்டவிட்டு இறங்குவாள். மண்வாரியால் சாலையோரத்துக்குத் தள்ளுவாள். மைலையும் நேரத்தையும் குறித்துக்கொள்வாள். ஆந்தையின் ஒரு இறகைக்கூட எடுத்ததில்லை, சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. தபால் தாமதமாகிறது என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழுந்தது, வலிக்கவில்லை.

மார்ச் மாதம் வனவிலங்குத் துறையிலிருந்து பெக்கா என்ற பெண் போன் செய்தாள்.

"மிஸஸ் க்ரோமர், இந்த வட்டாரத்து ரிப்போர்ட்ல மூணுல ஒண்ணு உங்களோடது. உங்களுக்கு இங்க ஒரு மேஜை போட்டுடலாமான்னு பேசிக்கிட்டோம்."

"தப்பா ஏதாவது எழுதிட்டேனா?"

"ஐயோ, இல்லைங்க. ஒரு சந்தேகம். இருபத்தொன்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவுல ஏன் இத்தனை எல்க்?"

"வேலிதான்" என்றாள் வில்டா. "போன கோடையில மேட்டுமேல புதுசா முள்கம்பி வேலி போட்டாங்க. முன்னாடி அதுங்க முப்பத்து நாலுல பாலத்துக்கு அடியில இறங்கி ஆத்துக்குப் போகும். இப்ப வேலி ஓரமாவே நடந்து வந்து முப்பத்தொண்ணுல ரோட்டுக்குள்ள விழுது."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல."

பெக்கா நேரில் வந்து பார்த்தாள். நிலக்காரரிடம் பேசினாள். ஏப்ரலில் வேலியின் ஒரு பகுதியைக் கழற்றி வழி விட்டார்கள். சாலையில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு வைத்தார்கள். டென்ஸில் அதைப் பார்த்துவிட்டு நேராக வில்டா வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணனுக்காகச் செஞ்சிருக்க. நான்தான் அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டென்ஸில். வண்டியில போறப்ப கண்ணு சும்மா இருக்கல, எழுதினேன்."

அவன் நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை. விளக்குக்குக் கீழே தினமும் இரண்டு முறை போய்வந்தாள். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, தபால் நிலையத்தில் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாரிஸ். ஆறு மாதத்துக்கு அப்புறம்.

"அம்மா, மான் ஒண்ணு... என் கார்ல... எனக்கு ஒண்ணுமில்ல. மான் மேல ஏத்திட்டேன்."

"எங்க?"

"ஸ்போகேனுக்குத் தெக்க. கண்ணாடி உடைஞ்சிருக்கு. அம்மா, கண்ணாடி முழுக்க..."

வில்டா பார்சல்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நவம்பரில் வராதது அத்தனையும் சேர்ந்து இப்போது வந்தது போல உடம்பு உதறியது.

"வண்டிக்குள்ளயே உக்காரு" என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இறங்காத. யார் சொன்னாலும் இறங்காத. நான் வர்றேன்."

அன்றைய தபாலை மாற்று ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். இருபத்திரண்டு வருஷத்தில் பிரித்துக்கொண்டிருந்த தபாலைப் பாதியில் விட்டுப்போனது அதுதான் முதல் தடவை. ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினாள். இரண்டு தடவை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி கிளம்பினாள்.

மாரிஸ் நெற்றியில் சின்னக் கீறலோடு காருக்குள் உட்கார்ந்திருந்தாள். வில்டா கதவைத் திறந்து, அவள் தலை, கழுத்து, தோள், விரல்கள் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மானைப் பார்ப்பது போலவே பார்த்தாள். வேறு மாதிரிப் பார்க்க அவளுக்குத் தெரியாது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. மான்தான் அந்தப் புல்லுக்குள்ள எழுந்து ஓடிருச்சு. செத்துச்சா, பொழைச்சுதான்னு தெரியல."

இருவரும் புல்லுக்குள் இறங்கித் தேடினார்கள். கொஞ்ச தூரம் ரத்தச் சொட்டு இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. ஒரு மணி நேரம் தேடிவிட்டுத் திரும்பினார்கள். மாரிஸின் காரை இழுவை வண்டி கொண்டுபோனது.

வில்டாவின் வண்டியில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். வில்டா ஒரு துண்டு ஆப்பிள் பை பலகாரம் வாங்கி முழுவதையும் சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். மாரிஸ் தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

பிறகு மாரிஸ் பக்கத்து சீட்டில் வாய் திறந்தபடி தூங்கிப்போனாள். வில்டா நாற்பது மைலுக்கு மேல் வேகம் எடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, கையை ஆட்டித் திட்டிக்கொண்டு முந்திப்போனார்கள். அவள் போகவிட்டாள்.