கலையரசியின் நான்கு ஒயர்

கூட்டேரிப்பட்டில் எங்கள் தெருவுக்கு வந்து அலெக்ஸ் எப்படிப்பட்டவன் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். தங்கமான பையன் என்பார்கள். குடி கிடையாது, சத்தம் போட மாட்டான், மனைவியைக் கை நீட்டி அடித்ததே இல்லை. காய்கறி வாங்கி வருவதும் சாயங்காலம் டீ போடுவதும்கூட அவன்தான். எதிர் வீட்டில் இருக்கிற எனக்கு மட்டும் அவனைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் பதினோரு வருடமாக என்னிடம் பதில் இல்லை. போன வருடம்தான் கிடைத்தது.

அவன் மனைவி கலையரசிக்கு முப்பத்துநான்கு வயது. கல்யாணமாகி வந்த இந்தப் பதினோரு வருடத்தில் அவள் தனியாக ஒரு பஸ் ஏறியதில்லை. எங்கே போவதென்றாலும் அவனுடைய பைக்கின் பின்சீட்டுதான். சனிக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி. நான்கு மணிக்கு அவன் கொண்டுபோய் விடுவான், ஐந்து மணிக்கு வந்து கூட்டிப்போவான். வாசலில் நின்றால் நெடுஞ்சாலை தெரியும். விழுப்புரம் பக்கமும் திண்டிவனம் பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். துணி காயப்போட வரும்போதெல்லாம் அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வேனுக்குப் பெண் டிரைவர் தேவை என்று தபால் ஆபீசில் என் காதில் விழுந்தது. எனக்கு அங்கேதான் வேலை. ஓடிவந்து முதலில் இவளிடம்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் விசாரித்ததில், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் லைசென்ஸோடு வரச் சொன்னார்கள். டிசம்பரில் எல்.எல்.ஆர்., அதாவது பழகுவதற்கான லைசென்ஸ், எடுத்துவிட்டாள். அது ஆறு மாதம் செல்லும். அதற்குள் ஓட்டப் பழகி டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிட்டால் வேலை கிடைத்துவிடும்.

அலெக்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் எதற்குமே வேண்டாம் என்று சொல்ல மாட்டான். டிரைவிங் ஸ்கூலில் எவனோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதெல்லாம் எதற்கு, வீட்டிலேயே கற்றுக்கொள் என்றான். கம்ப்யூட்டரில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்று அவனிடம் இருந்தது. அதற்காக ஸ்டியரிங், பெடல், கியர், ஹேண்ட் பிரேக் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆளிடம் பழையதாக வாங்கி வந்தான். நான்கும் நான்கு கம்பெனி. படுக்கையறையில் மேசையும் நாற்காலியும் போட்டு ஒரு காரின் முன்பாதியையே உண்டாக்கிவிட்டான். தெருவே வந்து பார்த்தது. பெண்டாட்டிக்காக எவன் இவ்வளவு செய்வான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் வாயும் அன்றைக்கு அதைத்தான் சொன்னது.

நான்கு கருவிகளை ஒரு கம்ப்யூட்டரில் சேர்ப்பது லேசான வேலை இல்லை. முதலில் ஸ்டியரிங் அதிரும்போதெல்லாம் கியர் செத்துப்போனது. நான்கு ஒயரையும் ஒன்றாகச் சொருக, தனி கரண்ட் கொடுக்கிற ஹப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிய பிறகு அது சரியாயிற்று. அடுத்து, எது எந்த வேலை செய்யும் என்று விளையாட்டுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்க வேண்டும். இந்தப் பெடல் பிரேக், இந்தப் பெடல் கிளட்ச் என்று. ஒயரை இடம் மாற்றிச் சொருகினால் அது குழம்பிவிடும் என்று அலெக்ஸ் சொல்லிவைத்தான். கழற்றி மாட்டும்போது மாறிவிடக் கூடாதென்று அவள் நான்கு ஒயரிலும் நான்கு நிற நூல் கட்டி, ஹப்பின் துளைகளுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் பொட்டு ஒட்டிவைத்தாள்.

அவன் ஒரு நிபந்தனை போட்டான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம், நாற்பது கிலோமீட்டர், எதிலும் இடிக்காமல் அவன் கண்ணெதிரே ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிடுவான். வாரத்துக்கு ஒரு தடவைதான் பரீட்சை. சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சி முடிந்து வந்ததும்.

வாரநாளில், அவன் வேலைக்குப் போயிருக்கும்போது, நாற்பது கிலோமீட்டரை இரண்டு முறைகூட ஓட்டிவிடுவாள். சனிக்கிழமை வந்தால் முதல் சாலைச் சந்திப்பிலேயே பிரேக்கை மிதிப்பாள், அது கிளட்சாக வேலை செய்யும், கார் போய் லாரியில் முட்டும். அவன் டீ கிளாஸோடு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வான்:

"ஒரு ஒயர சரியா சொருவத் தெரியல. நீ புள்ளைங்கள ஏத்திக்கினு ரோட்ல போவியா?"

திங்கட்கிழமை பிரேக்கையும் கிளட்சையும் விளையாட்டுக்கு மறுபடி காட்டிக்கொடுப்பாள், சரியாகிவிடும். இப்படிப் பல சனிக்கிழமைகள் போயின. நூலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். கடைசியில் தன் காலையும் கையையும் அவளே நம்பாமல் போனாள். "எனக்கு இதெல்லாம் வராதுக்கா" என்று ஒருநாள் என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். எல்.எல்.ஆர். முடிய ஒரு மாதம்கூட இல்லை. அழாதே என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை, செட்டிங்ஸைச் சரிசெய்ததும் ஒரு நகல் எடுத்துவைக்கலாம், இனிக் குழம்பினாலும் கையில் இருக்கட்டும் என்று நினைத்து, முதலில் அதைத் தேடிப் பார்த்தாள். செட்டிங்ஸ் எல்லாம் ஒரு சின்ன ஃபைலில் இருக்கும், கடைசியாக அதை மாற்றிய தேதியும் நேரமும் பக்கத்திலேயே தெரியும். அன்றைக்கு அவள் இன்னும் எதையும் தொடவில்லை. அதில் சனிக்கிழமை மாலை நான்கு இருபது என்று இருந்தது. நான்கு இருபதுக்கு அவள் மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. பிரேக்கைச் சரிசெய்தாள், நகல் எடுத்தாள், சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். அன்று கோயிலிலிருந்து வந்ததும் அவன் டீ போட அடுப்படிக்குப் போனான். அந்த நேரத்தில் ஃபைலைப் பார்த்தாள். இந்தத் தடவை நான்கு இருபத்தைந்து. தன் நகலை அதன்மேல் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் சந்திப்பில் கார் நின்றது. நாற்பது கிலோமீட்டரும் ஓட்டி முடித்தாள். அவன் டீயைக் குடிக்கவே இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஓட்றது வேற, ரோட்ல ஓட்றது வேற" என்றான்.

"பிரேக்க மாத்தி வெச்சது நீங்கதான?"

அவன் குடிக்காத டீயை மேசையில் வைத்தானாம். பிறகு, "உனக்கு ரோடு தெரிஞ்சிட்டா அப்பறம் நான் எதுக்கு?" என்று கேட்டானாம். இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது. அவனுக்காக அவள் பரிதாபப்பட்டாள் பாருங்கள், அதற்கும் சேர்த்து வந்தது.

திங்கட்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவன் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தான்தான் அவளை அனுப்புவதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்தான். தங்கமான பையன் என்றார்கள்.

அவளுக்குத் துணையாகத் திண்டிவனத்துக்கு நானும் பஸ்ஸில் போனேன். டெஸ்ட்டுக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. சொல்லிக்கொடுப்பவர் பெயர் பெரியதம்பி, நல்ல மனிதர். நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஆள் இல்லாத தெருவில் கியர் மாற்றினாள், திருப்பினாள், எல்லாம் சுத்தமாகச் செய்தாள். ஏற்கெனவே ஓட்டியிருக்கிறாயா என்று அவரே கேட்டார். ஆனால் பிரேக் போட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சாலையை விட்டுவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தாள். கீழே பார்க்காதே என்று அவர் நான்கு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை அவரே தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார்.

"கீழ இன்னாம்மா இருக்குது? ரோட்ட பாரு."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சார், இது நாளைக்கும் இதே எடத்துலதான இருக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். கார் பிரேக் எங்கேம்மா போகும் என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் வாயால் இருக்கும் என்று சொல்லட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.