கிழக்குப் பக்கம் வைக்காத ஜன்னல்

அரியலூரில் ரயிலடிக்குப் போகும் வழியில் இருந்த அந்தக் குடியிருப்பு நகரை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தவள்தான் இதைச் சொல்கிறேன். வாத்தியார்களும் தாலுகா ஆபீஸ்காரர்களும் ஒரு காலத்தில் ஆசை ஆசையாகக் கட்டிய வீடுகள். எழுபதுகளின் கடைசியில் பிள்ளைகளெல்லாம் மெட்ராஸ், திருச்சி என்று போய்விட்டார்கள். பாதி வீட்டில் பூட்டு, மீதி வீட்டில் இருமல். ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றாலும் கடைத்தெருவுக்கு நடக்க வேண்டும். தெருவில் கடை வந்தால் கௌரவம் போய்விடும் என்று நினைத்த ஜனங்கள்.

அதில் ஏழெட்டு வீடுகளைக் கட்டியது என் வீட்டுக்காரர். அவர் கொத்தனார், நான் அவருக்குச் சித்தாள். குரும்பலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அந்த நகரின் மூலை மனை விலைக்கு வந்தபோது எப்படியோ புரட்டி வாங்கிவிட்டோம். கீழே மாவு மில்லும் சைக்கிள் கடையும், மேலே வாடகைக்கு இரண்டு போர்ஷன். இதுதான் எங்கள் திட்டம். சிமெண்ட் ஆலையில் வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு தங்க வீடு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

மில்லுக்கு லைசென்ஸ் வேண்டுமானால் ஒட்டிய மனைக்காரர்களின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பக்கம் ரோடு. பின்மனைக்காரர் திருச்சியில் இருந்தார், கேட்டதும் போட்டுக் கொடுத்துவிட்டார். மிச்சம் கிழக்கு வீட்டு வாத்தியார் ஒருவர்தான். அவர் போடாவிட்டால் மில் கிடையாது, வாங்கிய மனையில் புல் முளைக்க வேண்டியதுதான்.

கேட்டுக்கு வெளியிலேயே எங்களை நிறுத்திப் பேசினார்.

"மில்லு சத்தத்தக்கூடப் பொறுத்துக்கலாம்ப்பா. மாடியில ஆளுங்கள வச்சிட்டு எங்க கொல்லையப் பாக்க வுடுறதா? எங்க தலைக்கு மேல நீங்க நடமாடுறதா?"

நீங்க என்றால் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒங்க வூட்டுக்குக் கான்கிரீட்டு போட்ட அன்னிக்குப் பொழுதுக்கும் ஒங்க மச்சு மேலதாங்க சாந்துச்சட்டியோட நடந்தேன். அப்ப ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் கையை அழுத்திப் பிடித்தார். "அது கெடக்குதுங்க ஐயா. கெழக்கால ஒரு ஜன்னல்கூட வைக்க மாட்டேன். எழுதியே தரேன்."

எழுதிக் கொடுத்தார். வாத்தியார் கையெழுத்துப் போட்டார். ஊரார் வீட்டுக்கெல்லாம் காற்று எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துப் பார்த்து ஜன்னல் வைத்த மனுஷன், சொந்த வீட்டில் ஒரு பக்கத்தை மொட்டைச் சுவராக எழுப்பினார். "கையெழுத்துதான் புள்ள முக்கியம்" என்று சமாதானம் சொன்னார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

மில் ஓடத் தொடங்கியது. மாடியில் இரண்டு குடும்பங்கள் வந்தன. தெருவில் குழந்தைகள் சத்தம் கேட்டது. டின்னும் கையுமாகப் பெண்கள் நின்றார்கள். கௌரவம் பேசிய வீடுகளிலிருந்தும் வேலைக்காரி கையில் கோதுமை வந்தது. வாத்தியார் வீட்டு டின் எனக்கு அடையாளம் தெரியும். மிளகாய் அரைத்தபின் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி மெஷினைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்ததை அரைக்க வேண்டும். அந்த டின்னுக்கு மட்டும் நான் அரிசி போடமாட்டேன். வேண்டுமென்றேதான். சப்பாத்தி காரட்டும் என்று விட்டேன்.

சில வருஷத்தில் வாத்தியார் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து பிள்ளைகள் கிளம்பிப் போன மறுநாள் அவர் சம்சாரம் வாத்தியாரம்மா டின்னைத் தானே தூக்கிக்கொண்டு மில்லுக்குள் வந்தார். எங்கள் இடத்தில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, மேல எங்க பக்கமா ஒரு ஜன்னல் வையேன். பகல்லகூட ஒத்தையில இருக்கப் பயமா இருக்கு. வுழுந்து கெடந்தாலும் கூப்பிட்டா ஒரு ஆளு எட்டிப் பாக்கும்ல."

என் வீட்டுக்காரர் உள்ளே போய் உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். நான் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஒங்க வூட்டு ஐயா கேட்டபடிதாங்க கட்டியிருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

அந்த அம்மா கோதுமையை அரைக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

கிழக்கு போர்ஷனில் குடியிருந்த பெண் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஆலைத் தொழிலாளியின் பெண்டாட்டி, இருபது வயது இருக்கும். வெயில் காலத்தில் அந்த அறை அடுப்பு மாதிரிதான்.

"எங்களுக்காகவாச்சும் ஒண்ணு வைக்கச் சொல்லுங்கக்கா. புள்ள தூங்கவே மாட்டேங்குது" என்றாள்.

அவள் தோளில் கிடந்த குழந்தையின் முதுகு முழுக்க வேர்க்குரு, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அவளுக்கும் முடியாது என்று சொன்னேன்.