கழற்றி வைத்த பற்றரி

இரண்டு வருடங்களுக்கு முந்திய செப்டெம்பர் மாதம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேர ஓட்டத்தில் ஓர் ஏரிக்கரை. பிள்ளைகள் இருவரும் கல்யாணம் முடித்துப் போன பிறகு எனக்கும் என்னவருக்கும் கிடைத்த முதல் விடுமுறை அது. அவர் ஆசைப்பட்டு ஒரு ‘ரியர்ட்ரொப்’ ரெயிலரை வாடகைக்கு எடுத்திருந்தார். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் சின்ன வண்டி. உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு மெத்தை, அவ்வளவுதான். எழுந்து நிற்கவும் முடியாது. சமையல் எல்லாம் வெளியே, பின்கதவைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

முதல் நாள் அங்கே நின்று மீன்குழம்பு வைத்தேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூசிப் போய்விட்டது. ரொறன்ரோவில் டோர்செட் பார்க் மாடிக்குடியிருப்பில் இருபது வருடமாக இருப்பவள் நான். கறி மணக்கிறதென்று எத்தனை தரம் எங்கள் கதவில் கடிதம் ஒட்டியிருக்கிறார்கள்! தாளிக்க முன்னம் கதவுக்கு அடியில் துவாயைத் திணித்து, புகை அலாரத்துக்குப் பிளாஸ்ரிக் பை கட்டியே பழகிய கை இது.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை.

“அடுப்பை உள்ளுக்குக் கொண்டு வாறன். ஆரும் முகத்தைச் சுழிக்கத் தேவையில்லை” என்றேன்.

“உதுக்குள்ளயோ? விசரே உமக்கு?” என்று அவர் சிரித்தார்.

பிடிவாதத்தில் என்னை வெல்ல ஆளில்லை. மெத்தையின் ஒரு பக்கத்தைச் சுருட்டி, பலகை போட்டு, சின்னக் காஸ் அடுப்பை வைத்தேன். மணம் வெளியே போகக் கூடாதென்று யன்னல், கூரைத் துவாரம் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த அலாரம் கத்தியது. “தாளிச்சாக் காணும், கத்தத் தொடங்கிடும் சனியன்” என்று திட்டிக்கொண்டே பற்றரியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். அது கத்தியது தாளித்த புகைக்கில்லை, அடைத்த இடத்தில் எரியும் அடுப்பு விடுகிற, மணமே இல்லாத நச்சுக்காற்றுக்கு என்பது எனக்குத் தெரியாது.

குழம்பு கொதிக்கத் தொடங்க எனக்குத் தலை இடித்தது. தேத்தண்ணி குடிக்காததால் என்று நினைத்தேன். “கண்ணைச் சுத்துதப்பா, கொஞ்சம் படுக்கிறன்” என்று அவர் சாய்ந்தார்.

சாப்பிட எழுப்பினேன். எழும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சரிந்தது. கதவைத் திற, திற என்று மனம் அடிக்கிறது, கை வர மாட்டேன் என்கிறது. ஐயோ, என் கையாலேயே இவரைக் கொன்றுவிட்டேனே என்றுதான் நினைத்தேன்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். குரல் எழும்பவில்லை. கையிலிருந்த அகப்பையால் சுவரில் அடித்தேன். கதவைத் திறந்தவர் அந்தப் பக்கத்துக் கூடாரப் பெண்மணி. என்னை இழுத்து வெளியே விட்டார், அடுப்பை அணைத்தார், என்னவரைக் காலில் பிடித்து மழைக்குள் இழுத்துப் போட்டார். எவ்வளவு நேரமோ தெரியாது. என்னவர் இருமி, சத்தி எடுத்து, கண் திறந்து, “ஏனப்பா அழுறீர்?” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்து அவரைத் தேற்றினார்கள். எங்களைப் பார்க்க வந்த அந்தப் பெண்மணியிடம், அந்த நேரம் ஏன் கதவைத் தட்டினீர்கள் என்று கேட்டேன். நேற்று நல்ல மணம் வந்தது, இன்று வரவில்லை, அது என்ன சமையல் என்று கேட்டுப் போகலாமென்று வந்தேன் என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் யன்னலைத் திறந்து வைத்துத்தான் தாளிக்கிறேன். அலாரத்துக்குப் பையும் கட்டுவதில்லை, கடிதம் ஒட்டுகிறவர்கள் ஒட்டட்டும். முகம் தெரியாத யாரோ சுழிக்கப் போகும் முகத்துக்குப் பயந்து என்னவரையே பறிகொடுக்கப் பார்த்தேனே என்று நினைக்கும்போது, அகப்பையை வைத்துவிட்டு யன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறக்கிறேன்.