சுடலைமுத்து என்கிற ஜல்லாத் கான்

போன செவ்வாய்க்கிழமை, தாராவியில் என் தோல் கிடங்கின் முன்னால் ஒரு மோட்டார் கார் வந்து நின்றது.

என் கிடங்குக்கு மோட்டார் வருவது புதிதல்ல. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், தலையில் ஈரத்தோல் சுமந்து பம்பாயில் பிழைப்பை ஆரம்பித்தவன்... இன்று கான்பூர் வியாபாரிகளே என்னைக் கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம்!

ஆனால் இறங்கிய ஆள் தோல் வாங்க வரவில்லை. அவர் குஸ்தி கான்ட்ராக்டர். ஸ்டேடியத்தில் டிக்கெட் போட்டு குஸ்தி நடத்துகிறவர்.

“சேட்ஜி, என் ஆள் ஒருத்தன் உங்ககிட்ட இருக்கான். ஜல்லாத் கான். எனக்குத் திரும்ப வேணும்” என்றார் இந்தியில்.

என்னிடம் ஜல்லாத் கான் என்று யாரும் இல்லை. சுடலைமுத்து என்று ஒருவன் இருக்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்து, தோலை விரலால் தடவிப் பார்த்து ரகம் பிரிப்பான். ஒரு கால் மடங்காது.

இரண்டு பேரும் ஒரே ஆள்தான். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். சிரிக்கிற கதை இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சுடலை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆறடிக்கு மேல் உயரம், வெளுத்த உடம்பு, பூனைக்கண். ஈரத்தோல் கட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீசி நடப்பான். அந்த நடையைப் பார்த்துத்தான் கான்ட்ராக்டர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார். ஆனால் ஒரு மதராஸி குஸ்தி போட்டால் எவன் டிக்கெட் வாங்குவான்? ஆகவே தாடிக்கு மருதாணி, தலைக்கு முண்டாசு, தொளதொளவென்று பைஜாமா. காபூலிலிருந்து நேரே வந்து இறங்கிய முரட்டுப் பட்டான்! பெயர் ஜல்லாத் கான். ஜல்லாத் என்றால் தூக்குப் போடுகிறவன்.

டிக்கெட் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்று முதல் நாளே முடிவாகிவிடும். பம்பாயில் அதற்கு நூரா குஸ்தி என்று பெயர். சுடலையின் உத்தியோகம் தோற்பது. சும்மா தோற்றால் போதாது. முதலில் எதிராளியின் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டும், கழுத்தை நெரிக்க வேண்டும், ஜனங்களைக் கொதிக்க வைக்க வேண்டும்... கடைசியில் மல்லாந்து விழ வேண்டும். அவன் விழுகிற சத்தத்தில் ஸ்டேடியமே எழுந்து நிற்கும். அவன் யார் என்று தெரிந்த நானே “மாரோ! மாரோ!”, அடி, அடி என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன் என்றால் பாருங்களேன்!

கான்ட்ராக்டர் அவனுக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார். தாராவியை அடுத்த மாஹிமைத் தாண்டிவிட்டால் வாயைத் திறந்து தமிழ் பேசக் கூடாது. எக்காரணம் கொண்டும் தாடியை எடுக்கக் கூடாது. பட்டான் வேஷம் வெளுத்துவிட்டால் வியாபாரம் போய்விடுமே!

டிராம் ஸ்டாப், டீக்கடை, மில் சுவர் என்று எங்கே பார்த்தாலும் போஸ்டர். அதில் பல்லைக் கடித்துக்கொண்டு சுடலை.

சுதந்திரத்துக்கு முந்திய வருஷம் கலவரம் வந்தது. பெயரைக் கேட்டுக் கத்தியை எடுத்த காலம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டாம் — எல்லாப் பக்கமும் ரத்தம்தான்.

சுடலையின் மனைவி செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

“இந்த எழவெடுத்த தாடிய எடுத்துத் தொலைங்களேன். ஊரு கெடக்குற கெடப்பு தெரியலியா?”

“ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்குல்லா! தாடிய எடுத்தா வேற ஆளப் போட்டுருவான்ட்டி.”

ஊரே பற்றி எரியும்போது ஆட்டம் நடக்கும் என்று நம்பினான் பாருங்கள். இதைப் பைத்தியக்காரத்தனம் என்பீர்களா? தொழில் என்கிறேன் நான்.

பரேலில் செல்லக்கனியின் தங்கைக்குப் பிரசவம் ஆகியிருந்தது. ஊர் அடங்கிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, இருவரும் பார்த்துவிட்டு நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார்கள். டிராம் கிடையாது. ஒரு மில் சுவர் ஓரமாக வரும்போது கூட்டம் சுற்றிக்கொண்டது. சுவரில் ஜல்லாத் கான் போஸ்டர். அதன் கீழேயே ஆள்! சோதித்துப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“ஐயா, நான் திருநெவேலிக்காரன்யா! சொடலமாடன் மேல சத்தியமா நான் இந்து ஆளுய்யா!” என்று கதறியிருக்கிறான். வருஷக்கணக்கில் வெளியே விடாமல் பூட்டி வைத்திருந்த தமிழ், அன்றைக்குத்தான் வாயை விட்டு வந்தது.

அந்தக் கூட்டத்துக்குத் தமிழ் என்ன, பட்டான் பாஷை என்ன?

“பட்டானி போல்தா ஹை!” என்றானாம் ஒருவன். பட்டான் பாஷை பேசுகிறானாம்!

செல்லக்கனி நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. பக்கத்தில் மருதாணித் தாடி. அவர்கள் என்ன நினைப்பார்கள்? “மேரா ஆத்மி, மேரா ஆத்மி” — என் புருஷன், என் புருஷன் என்று தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் அவள் கத்தினாள். ஒரு பெரியவர் அவள் தலையில் கை வைத்து, “டரோ மத், பஹன்” என்று தேற்றினாராம். பயப்படாதே தங்கச்சி. அப்படிச் சொல்லிக்கொண்டே அவளைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள். அவளைக் காப்பாற்றினார்களாம்!

பிறகு இரும்புத் தடியை எடுத்தார்கள்.

மிலிட்டரி லாரி வந்ததால் உயிர் மிஞ்சியது. முழங்கால் மிஞ்சவில்லை.

விஷயம் தெரிந்து நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊரடங்கில் எனக்கு வழி விடாத சிப்பாயா? ஆனால் அங்கே சுடலைமுத்து என்று யாரும் இல்லை என்றார்கள். வராந்தாவில் கிடந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியில் “குஸ்தி பட்டான்” என்று கேட்டேன். உடனே கையை நீட்டினார்கள்.

எனக்குக் கோபம். “ஏலே, அஞ்சாறு பேரத் தூக்கி வீசுத ஆளுல்லா நீ? ஒங்கை என்னலே செஞ்சுது?”

“கையத் தூக்கியிருந்தா, நெசமாவே அந்தப் போஸ்டர்ல உள்ளவன் ஆயிருப்பேன் அண்ணாச்சி. அதான் கும்புட்டுக்கிட்டே இருந்தேன்.”

குஸ்தி முடிந்தது. அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். இதுவரைக்கும் பழைய கதை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கான்ட்ராக்டர் காரிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார். புது போஸ்டர். அதே தாடி, அதே பல்.

“இவன் கால் மடங்காதே” என்றேன்.

“அதுதான் விசேஷம் சேட்ஜி! நொண்டிப் பட்டான். நாடு பிரிஞ்சப்புறம் பட்டான்னா ஜனங்க பல்லக் கடிக்கிறாங்க. இவன் விழுந்தா கூரை பிச்சுக்கும்!”

சுடலை நிமிரவில்லை. ஆனால் தோலைத் தடவிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. ஓரக்கண்ணால் போஸ்டரையே பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் மட்டும்தான் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆசையும் இருந்தது. ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்ற சத்தத்தைக் கேட்டவன் அல்லவா? போய்விடுவானோ என்று எனக்கே பயம் வந்தது.

“இவனோட சொந்தப் பேரைப் போட்டு நடத்துவியா?” என்று கேட்டேன்.

கான்ட்ராக்டர் தொந்தி குலுங்கச் சிரித்தார். “சுடலை... என்ன அது, சுடலைமுத்தா? தமாஷ் பண்றீங்களே!”

என் கிடங்கில் நின்றுகொண்டு என் ஆளைப் பார்த்துச் சிரிப்பதா? போஸ்டரைச் சுருட்டிக் கையில் கொடுத்து, காருக்கு வழி காட்டினேன்.

அந்தச் சூட்டோடு சுடலையிடம் சொன்னேன். “இவன் என்னலே குஸ்தி நடத்துதான்? நான் நடத்துதேன். நீ விழ வேண்டாம். மாலை போட்டு ஜட்ஜ் நாற்காலில உக்காரு. மாட்டுங்காலேர்ந்து செம்பூர் வரைக்கும் செவத்துக்குச் செவரு ஒன் சொந்தப் பேரு. ‘சுடலைமுத்து பயில்வான்’னு! என்ன சொல்லுத?”

அழுதுவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அடுத்த தோலை எடுத்து மடியில் விரித்துக்கொண்டான்.

“வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்குக் கானைத் தேடுனானுவ. நாளைக்கு எவன், எந்தப் பேரத் தேடிக்கிட்டு வருவானோ... யாரு கண்டா? எம்பேரு செவத்துல வேண்டாம்.”

 

சாயங்காலம் கிடங்கைப் பூட்டும்போது, வாசலில் மூன்று பாஷையில் ஆளுயர எழுத்தில் தொங்கும் என் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தேன்... கொஞ்சம் பெரிதாகத்தான் எழுத வைத்துவிட்டேனோ?